வேக ஒற்றைச்சில்லு: பழகிய ஓட்டுநருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மின் ஒற்றைச்சில்லில், அதாவது ஒரேயொரு சில்லின் இருபுறமும் உள்ள மிதிகளில் நின்று ஓட்டும் மின் வண்டியில், ஏறி நிற்கவும் வளையவும், ஒழுங்கையில் நாய் குறுக்கே பாய்ந்தால் குதித்திறங்காமல் நிறுத்தவும் ஏற்கெனவே பழகியவர்களுக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. மதிலைப் பிடித்துக்கொண்டு ஏறப் பழகுகிறவர்களுக்கு இதில் பயனில்லை. அவர்கள் 84 வோல்ற் அளவிலான ஒரு சிறிய சில்லில் ஓராண்டு ஓடிய பின்னர் இதற்கு வரலாம். இங்கே பேசப்படுபவை 100 வோல்ற்றுக்கு மேல் இயங்குபவை, பெரும்பாலும் 35 கிலோகிராமும் அதற்கு மேலும் எடை கொண்டவை, மோட்டார் சைக்கிளுக்கு ஈடாக ஓடக்கூடியவை.

அமெரிக்காவில் வாழும் கண்டுபிடிப்பாளர் ஷேன் சென் 2011ஆம் ஆண்டளவில் சொலோவீல் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அது துவிச்சக்கரவண்டியின் வேகத்தைத் தாண்டவில்லை. 2020இல் வெற்றரன் ஷேர்மன் 3200 வாற்-மணி பற்றரியோடு வந்தது; அதே ஆண்டில் இன்மோஷன் வி11, கிங்சொங் எஸ்18 ஆகியவை அதிர்வுதாங்கியோடு வந்தன. அதன் பின்னர் வோல்ற்றளவும் மோட்டார் வலுவும் ஏறிக்கொண்டே போயின. இந்த ஏற்றத்தைக் கூடுதல் வேகம் என்று மட்டும் புரிந்துகொள்பவர் விரைவில் தோல் உரிந்து வீடு திரும்புவார். பெரிய சில்லுக்குக் கொடுக்கும் பணத்தால் நாம் பெறுவது, ஓடும் வேகத்துக்கும் சில்லு நம்மைக் கைவிடும் வேகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை. அதை இங்கே கையிருப்பு என்று அழைக்கிறேன். கீழே வரும் படிகள் எல்லாம் அதைக் கணக்கிடுவதையும் காப்பதையும் பற்றியவையே.

முதலாம் படி: உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

பணத்தை எண்ணுவதற்கு முன்னர், இப்போதுள்ள சிறிய சில்லில் நான்கு காரியங்களைச் செய்து பாருங்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, நிலத்தில் கீறிய கோட்டுக்கு முன்னால், கால் நிலத்தில் படாமல் நிற்க வேண்டும். நடக்கும் வேகத்தில் பத்து மீற்றர் தூரம் நேர்கோட்டில் போக வேண்டும். இரண்டு தோள்களுக்கு மேலாகவும் திரும்பிப் பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்கும்போது சில்லு அந்தப் பக்கம் இழுபடக் கூடாது. வலப்பக்க வளைவும் இடப்பக்க வளைவும் ஒரே அளவு இறுக்கமாக வர வேண்டும். பெரும்பாலானோர் மூன்றாவதில் தோற்கிறார்கள். நானும் ஆறு மாதம் தோற்றேன். இவற்றில் ஒன்று வராவிட்டாலும் பெரிய சில்லு அக்குறையை மறைக்காது. எடை கூடியதால் திருத்தும் நேரம் குறைந்துபோகும்.

இரண்டாம் படி: சில்லு ஏன் கைவிடுகிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியை அவசரமாக வாசிக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளின் இயந்திரம் வலு இழந்தால் வண்டி மெதுவாகும். ஓட்டுபவர் அதன்மேல் இருந்துகொண்டே இருப்பார். ஒற்றைச்சில்லில் உங்களை நிமிர்த்தி வைத்திருப்பதே மோட்டாரின் திருகு விசைதான். நீங்கள் முன்னால் சாயச் சாய, மோட்டார் உங்களுக்குக் கீழே முந்திவந்து தாங்குகிறது. முந்திவர அதற்கு வலு போதாத கணத்தில் மிதி முன்பக்கமாகக் கவிழும். நீங்கள் அதே வேகத்தோடு முகங்குப்புற வீதிக்குப் போவீர்கள். அங்கே எச்சரிக்கைக்கும் விழுகைக்கும் இடையில் ஒரு விநாடிகூடக் கிடைக்காது.

வலு ஏன் போதாமற் போகிறது? சுழலும் மோட்டார் தானே ஒரு மின்னாக்கி போல எதிர்வோல்ற்றளவை உண்டாக்குகிறது. வேகம் கூடக்கூட அதுவும் கூடுகிறது. பற்றரியின் வோல்ற்றளவிலிருந்து இந்த எதிர்வோல்ற்றளவைக் கழித்தபின் எஞ்சுவதே மோட்டாருக்குள் மின்னோட்டத்தைத் தள்ளப் பயன்படும். இரண்டும் சமனாகும் வேகத்தில் எஞ்சுவது ஒன்றுமில்லை. சில்லைத் தூக்கிப் பிடித்து வெறும் காற்றில் சுழலவிட்டால் அது எட்டும் உச்ச வேகம் ஏறத்தாழ அந்த எல்லைதான். தயாரிப்பாளர் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் எண் பெரும்பாலும் இதுவாகவோ இதை ஒட்டியதாகவோ இருக்கும். அது ஓடுவதற்கான வேகம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 30 செல்களைத் தொடராக இணைத்த பற்றரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செல்லும் முழுமையாக ஏறும்போது 4.2 வோல்ற், ஆகவே மொத்தம் 126 வோல்ற். அந்த நிலையில் காற்றில் சுழலும் வேகம் மணிக்கு 120 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஓடியோடி ஒவ்வொரு செல்லும் 3.5 வோல்ற்றுக்கு இறங்கும்போது மொத்தம் 105 வோல்ற் ஆகும். எல்லை வேகம் 100 கிலோமீற்றருக்கு வந்துவிடும். காலையில் பாதுகாப்பாக இருந்த அதே வேகம், திரும்பி வரும்போது எல்லைக்கு இருபது கிலோமீற்றர் கிட்டப் போயிருக்கும். உங்கள் கால்களுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இதற்கு மேல் இன்னொரு இழப்பும் உண்டு. பற்றரிக்கு உட்தடை இருக்கிறது. அது 0.25 ஓம் என்றால், வேகமெடுக்கும்போது 40 அம்பியர் இழுக்கப்படும் கணத்தில் 10 வோல்ற் இறங்கிவிடும். பழைய பற்றரியில் உட்தடை கூடும். வோல்ற் இன்னும் இறங்கும். குறைந்த சார்ஜில், எதிர்க்காற்றில், மேடு ஏறும்போது சடாரென்று முன்னால் சாய்வது எல்லா இழப்புகளையும் ஒரே கணத்தில் சேர்த்துக் கேட்பதாகும். பெரும்பாலான வேக விழுகைகள் இப்படித்தான் நடக்கின்றன.

கட்டுப்பாட்டுப் பலகை தன் திறனில் எத்தனை வீதத்தைச் செலவழிக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு பி.டபிள்யூ.எம். என்று பெயர். 100 வீதம் என்றால் கொடுக்க இனி எதுவுமில்லை. ஈயூசி வேர்ல்ட், டார்க்னஸ்பொட், வீல்லொக் போன்ற செயலிகள் இதைக் கைப்பேசியிலும் கைக்கடிகாரத்திலும் காட்டும். சாதாரண ஓட்டத்தில் 60 வீதத்தைத் தாண்டாதிருங்கள், முந்திச் செல்லும்போது 70 வரை போகலாம், 80இல் எச்சரிக்கை ஒலியை வையுங்கள் என்பது என் பரிந்துரை. வேகமானியைவிட இந்த எண்ணே நம்பத்தக்கது, ஏனெனில் காற்று, எடை, சார்ஜ், சூடு ஆகிய எல்லாம் இதற்குள் ஏற்கெனவே அடங்கிவிடுகின்றன.

மூன்றாம் படி: எதை வாங்குவது

வோல்ற்றளவு செல்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது: 100.8 என்றால் 24, 126 என்றால் 30, 134.4 என்றால் 32, 151.2 என்றால் 36. கிங்சொங் எஸ்22 சில்லில் 126 வோல்ற், 2220 வாற்-மணி, 3300 வாற் மோட்டார். பிகோட் மாஸ்ரர் 134 வோல்ற் வகுப்பைச் சேர்ந்தது. 2400 வாற்-மணி, 3500 வாற். வெற்றரன் லிங்ஸ் 151 வோல்ற் வகுப்பு. 2700 வாற்-மணி, 3200 வாற். இன்மோஷன் வி13 சில்லில் 126 வோல்ற், 3024 வாற்-மணி, 4500 வாற். அதன் எடை ஏறத்தாழ 50 கிலோகிராம். ஒரு மூடை அரிசியை மாடிப்படியில் தூக்கிப் பார்த்துவிட்டு அந்தக் கடைசிச் சில்லைப் பற்றி முடிவெடுங்கள்.

குடாநாட்டில் மலையில்லை. ஆகவே மேட்டில் ஏறுவதற்கென்றே சுற்றப்பட்ட, திருகு விசை மிக்க மோட்டார் கட்டாயமென்று தோன்றாது. ஆனாலும் நான் அதையே தேர்வேன். ஒரே வோல்ற்றளவில், வேகத்துக்கெனக் கம்பி சுற்றப்பட்ட வேகச் சுற்று மோட்டாரின் எல்லை வேகம் உயரமானது; திருகு விசைக்கெனச் சுற்றப்பட்ட விசைச் சுற்று மோட்டாரோ குழியிலும் மணலிலும் நடக்கும் வேகத்திலும் மிதியை அசையாமல் வைத்திருக்கும். நம் வீதிகளில் யாரும் 80இல் ஓடப்போவதில்லை. குழியும் மணலும் நாள்தோறும் வரும். 150 வோல்ற் வகுப்பில் விசைச் சுற்று என்றால் இரண்டு பக்க நன்மையும் கிடைக்கும்.

பற்றரியைப் பார்க்கும்போது வாற்-மணியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு செல்தொகுதியின் வோல்ற்றளவையும் செயலியில் தனித்தனியே காட்டும் மேலாண்மைப் பலகை உண்டா என்று பாருங்கள். ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிட இறங்கத் தொடங்குவதை மாதக்கணக்கில் முன்கூட்டியே கண்டுகொள்ள இதுவே வழி. இந்த வசதியுள்ள சில்லுக்கு இருபது கிலோமீற்றர் தூரம் குறைந்தாலும் நான் அதையே வாங்குவேன்.

நான்காம் படி: கொண்டுவருதலும் சட்டமும்

கனடாவிலிருந்து வரும் மாமாவின் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது நடக்காது. பயணிகள் விமானத்தில் 100 வாற்-மணி வரையிலான லிதியம் பற்றரிக்கே பொதுவாக இடமுண்டு. விமான நிறுவனத்தின் அனுமதியோடு 160 வரை கொண்டுவரலாம். நம் சில்லின் பற்றரி அதைவிடப் பன்மடங்கு பெரியது. அபாயப் பொருளாக முறைப்படி அறிவித்து, கப்பலில் வருவதே வழி. பற்றரியை மறைத்து, உதிரிப்பாகம் என்று எழுதி அனுப்ப முன்வரும் முகவரிடம் போகாதீர்கள். நடுக்கடலில் தீப்பற்றினால் உங்கள் சில்லு மட்டும் எரியாது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பொது வீதியில் ஓடும் மோட்டார் வாகனத்துக்குப் பதிவையும் காப்புறுதியையும், ஓட்டுபவருக்கு அனுமதிப்பத்திரத்தையும் வேண்டுகிறது. வாங்குவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் உங்கள் சில்லின் விவரத்தைக் கொடுத்து எழுத்து மூலம் கேளுங்கள். அனுமதி கையில் வரும்வரை சொந்த வளவிலும், உரியவரிடம் கேட்டுப் பெற்ற மைதானத்திலும் மட்டும் ஓடுங்கள். வீதியோட்டம் பற்றிக் கீழே எழுதியிருப்பவை அந்த அனுமதியுள்ளவர்களுக்கே. நான் தொடக்கத்தில் கேட்காமல் ஓடினேன். விழுந்தபோது காப்புறுதி என்ற சொல்லின் பொருள் விளங்கியது.

ஐந்தாம் படி: முதல் நாள் அமைப்புகள்

முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, சார்ஜர் தானாக நின்ற பின்னரும் ஓரிரு மணி நேரம் விடுங்கள்; செல்கள் ஒன்றுக்கொன்று சமனாக இந்த நேரம் வேண்டும். பின்னர் செயலியை இணைத்து, மென்பொருள் புதுப்பித்தலைச் செய்து, சமதரையில் சில்லை நேராக நிறுத்திச் சமநிலை அளவீட்டைச் செய்யுங்கள். சீமெந்துத் தரை எல்லாம் சமதரை என்று நம்பாமல் மேசன்மார் பயன்படுத்தும் மட்டக்குழாயை வைத்துப் பாருங்கள். மிதியின் விறைப்பை நடுத்தரத்திலிருந்து தொடங்குங்கள்.

பின்சாய்வு என்பது ஒரு வேகத்தைத் தாண்டியதும் மிதி பின்பக்கமாகச் சரிந்து உங்களைத் தள்ளி நிறுத்தும் ஏற்பாடு. பழகிய ஓட்டுநர் பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். முதல் ஐந்நூறு கிலோமீற்றருக்கு அதை 45இல் வைத்திருங்கள். எச்சரிக்கை ஒலி காற்றிரைச்சலில் கேளாது என்பதால், கைக்கடிகாரத்தின் அதிர்வையும் இயக்கி வையுங்கள்.

ரயரின் காற்றழுத்தம் உடல் எடையைப் பொறுத்தது. 70 கிலோகிராம் எடையுள்ளவர் மூன்று அங்குல அகல ரயரில் 30 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, இரண்டிரண்டாகக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். அழுத்தம் கூடினால் சில்லு சட்டென்று வளையும், ஆனால் சிறு கல்லும் முழங்காலுக்குத் தெரியும். குறைந்தால் வீதியின் நீள வரிப்புகளில் இழுபடும், குழியில் விளிம்பு நெளியும். அதிர்வுதாங்கியை, நீங்கள் கவசத்தோடு ஏறி நிற்கும்போது அதன் முழு நீளத்தில் கால்வாசி அமிழும்படி சரிசெய்யுங்கள்.

கால் பட்டைகளைப் பொருத்துவதில் பொறுமை வேண்டும். முன்பட்டை கெண்டைக்காலின் முன்புறத்தில், நீங்கள் சாயும்போது மட்டும் படவேண்டும். பின்பட்டை நிறுத்தும்போது மட்டும். நேராக நிற்கும்போது இரண்டும் ஒரு விரல் அகலம் விலகியிருக்கட்டும். இறுக்கிப் பூட்டிய கால் விழுகையின்போது வெளியே வராது, வேக நடுக்கத்தையும் உடலுக்குள் வாங்கிப் பெருக்கும்.

ஆறாம் படி: உடற்கவசம்

முழுமுகத் தலைக்கவசம், ஈ.சி.ஈ. 22.06 முத்திரையுள்ளது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கான வலைத்துணி மேற்சட்டை, முதுகுத் தகட்டோடு. கணைக்காலெலும்பு வரை இறங்கும் முழங்கால் கவசம், மணிக்கட்டுக் கவசம், கணுக்காலை மூடும் சப்பாத்து. சித்திரை வெயிலில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பீர்கள். முடியாத நேரத்தில் ஓடாதீர்கள். காலை ஆறு மணிக்கு ஓடுங்கள்.

ஏழாம் படி: மைதானத்தில் ஒரு மாதம்

புதிய சில்லை உடனே வீதிக்கு எடுக்காமல், அனுமதி பெற்ற ஒரு வெறுமையான மைதானத்திலோ பயன்படாத சீமெந்துத் தளத்திலோ வாரம் மூன்று நாள் வீதம் நான்கு வாரம் பழகுங்கள். முதல் வாரம் முழுவதும் மெதுவோட்டம். 40 கிலோகிராம் எடை வளையும்போது எங்கே விழ விரும்புகிறது என்பதை உடல் அறிய வேறு வழியில்லை.

இரண்டாம் வாரம் நிறுத்தல். ஒரு செங்கல்லை வைத்து, அதைக் கடக்கும் கணத்தில் நிறுத்தத் தொடங்கி, நின்ற இடத்தில் இன்னொரு கல்லை வையுங்கள். இடுப்பைப் பின்னால் இறக்கி, கதிரையில் அமர்வது போல முழங்காலை மடித்து, கைகளை முன்னால் நீட்டுங்கள். முதுகை மட்டும் பின்னால் வளைப்பவருக்குச் சில்லு முன்னே ஓடிவிடும். நன்கு பழகியவர் ஒவ்வொரு விநாடியிலும் வேகத்தை விநாடிக்கு 4 மீற்றர் வீதம் குறைத்தால், மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து நிற்க ஏறத்தாழ 24 மீற்றர் வேண்டும். கண் கண்டு மனம் முடிவெடுக்க ஒரு விநாடி போனால் அதற்கு இன்னொரு 14 மீற்றர். மொத்தம் 38. அதே கணக்கில் 70 கிலோமீற்றரிலிருந்து ஏறத்தாழ 67 மீற்றர் வரும். இருட்டில் உங்கள் முன்விளக்கு எத்தனை மீற்றருக்கு மாட்டைக் காட்டுகிறது என்பதை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முழுச் சார்ஜோடு வெளிக்கிட்ட முதல் நிமிடங்களில் கடுமையாக நிறுத்துவதைத் தவிருங்கள். நிறுத்தும்போது மோட்டார் மின்னைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நிரம்பிய பற்றரிக்கு அதை வாங்க இடமில்லை. இதற்காகவே நான் 95 வீதத்தோடு நிறுத்திவிடுகிறேன்.

மூன்றாம் வாரம் வேக நடுக்கம். 40ஐத் தாண்டியதும் சில்லு இடம் வலமாகத் துடிக்கத் தொடங்கலாம். களைத்த கால், விறைத்த முழங்கால், குறைந்த காற்றழுத்தம், இரு பாதமும் மிதியில் ஒன்றுக்கொன்று சரியில்லாமல் வைத்திருத்தல் ஆகியவை காரணங்கள். அப்போது வேகமெடுக்கவும் கூடாது, சடாரென்று நிறுத்தவும் கூடாது. முழங்காலைத் தளர்த்தி, எடையை ஒரு காலுக்குச் சற்று மாற்றி, மெல்ல ஒரு பெரிய வளைவை வரையுங்கள். வளையும் ரயர் தானாக நிதானப்படும். இதை வேண்டுமென்றே 30இல் பலமுறை செய்து பழகினால்தான் 50இல் நினைவுக்கு வரும்.

நான்காம் வாரம் இருக்கையில் அமர்ந்து ஓடப் பழகுங்கள். அமர்ந்தால் காற்றுத்தடை குறையும், பற்றரி நீளும், கால் களைக்காது. குழி வரும்போது எழும்ப நேரம் வேண்டும் என்பதால் தெரியாத வீதியில் அமரக் கூடாது.

எட்டாம் படி: நம் வீதிகள்

காற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் என்னை வீழ்த்தியது அதுதான். கோட்டைப் பக்கமிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போகும்போது வீதி தென்மேற்கு நோக்கிச் செல்கிறது. இருபுறமும் கடல், மறைப்புக்கு ஒரு வடலியும் இல்லை. தென்மேற்கிலிருந்து வரும் சோழகம் வீசும் மாதங்களில் காற்று நேரே நெஞ்சில் மோதும். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும் உங்களுக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்று வந்தால், உடலில் படும் காற்றின் வேகம் 70. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் அது ஏறத்தாழ இருமடங்காகிறது. சில்லின் வேகமானி அதே 50ஐத்தான் காட்டும்.

அன்று என்னிடம் 40 வீதச் சார்ஜ் இருந்தது. காற்றில் சாய்ந்து சாய்ந்து ஓடியதால் அந்தச் சாய்வு இயல்பானதாகத் தோன்றிவிட்டது. எச்சரிக்கை ஒலி வந்திருக்க வேண்டும். தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சலைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை. பின்னால் வந்த பேருந்துக்கு இடம்விட வேகமெடுத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன். மிதி இல்லாமற் போனது. மணிக்கட்டுக் கவசம் தேய்ந்து ஓட்டையானது, மணிக்கட்டு தப்பியது. பேருந்து சாரதி நிறுத்தி இறங்கிவந்து, "தம்பி, உதுக்கு மற்றச் சில்லு எங்க?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை தகுந்த பதில் என்னிடம் இல்லை. செயலியின் பதிவைப் பின்னர் பார்த்தபோது, விழுவதற்கு முன்னரே நெடுநேரம் பி.டபிள்யூ.எம். 80ஐத் தாண்டி நின்றிருந்தது. அதன் பிறகே கைக்கடிகார அதிர்வை இயக்கினேன். திறந்த கடல்வெளியில் சோழகத்துக்கு எதிராக 35ஐத் தாண்டுவதில்லை.

காப்பற் வீதிகள் நல்லவை. ஆபத்து அவற்றின் ஓரத்தில் இருக்கிறது. ஓரத்தில் சேரும் மெல்லிய மணல், வளையும்போது ரயரைப் பக்கவாட்டில் விடும். அறுவடைக் காலத்தில் வீதியில் காயவிடும் நெல்லும் அப்படியே. ஆடி, ஆவணியில் ஒழுங்கைகளில் விழுந்துகிடக்கும் பனங்காயில் ஏறிய சில்லுக்கு என்ன நடக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. கட்டாக்காலி மாடுகள் இரவில் சூடான தாரில் படுத்திருக்கும். கறுத்த மாடு விளக்கொளியைத் திருப்பாது. மாலை ஆறரைக்குப் பிறகு 40 என் உச்சம்.

ரயில் கடவையைச் செங்குத்தாக, முழங்காலை மடித்து, 20க்குக் குறைவான வேகத்தில் கடக்கவும். சில்லு ஒரு கணம் நிலத்தை விட்டு எழும்பினால் சுமையில்லாத மோட்டார் வேகமாகச் சுழலும். மீண்டும் நிலத்தைத் தொடும்போது அந்த வேக வேறுபாடு மிதியை உதறும். காவலாளி இல்லாத கடவையில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டு போங்கள்.

மணற்காட்டு மணல்மேடுகள் பலரின் ஆசை. அங்கே மோட்டார் மெதுவாகச் சுழன்றபடி பெரிய மின்னோட்டத்தை இழுக்கிறது. குளிர்விக்கும் காற்றும் இல்லை. தார்வீதியில் 50இல் ஓடுவதைவிட மணலில் 10இல் ஓடுவதே மோட்டாரையும் பலகையையும் அதிகம் சூடாக்கும். செயலியில் வெப்பநிலையைப் பார்த்தபடி, பத்து நிமிடத்துக்கொருமுறை நின்று போங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும். ஒற்றைச்சில்லும் வாகனமே.

ஒன்பதாம் படி: சார்ஜ் ஏற்றுதல்

சார்ஜரின் வோல்ற்றளவு சில்லின் வோல்ற்றளவோடு சரியாகப் பொருந்த வேண்டும். வெவ்வேறு சில்லுகளின் பிளக் ஒரே மாதிரி இருப்பதால் நண்பரின் சார்ஜரை மாற்றி மாட்டுவது எளிது. அதனால்தான் அது ஆபத்து. 134.4 வோல்ற் சார்ஜரை 126 வோல்ற் சில்லில் மாட்டினால், பாதுகாப்புப் பலகை தவறும் பட்சத்தில் ஒவ்வொரு செல்லும் 4.48 வோல்ற் வரை தள்ளப்படும். லிதியம் செல் அதைத் தாங்காது. சார்ஜரில் பெரிய எழுத்தில் எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள்.

ஓடிவந்த சூட்டோடு மாட்ட வேண்டாம். ஒரு மணி நேரம் ஆறட்டும். தகரக் கொட்டிலுக்குள் நடுப்பகலில் வேண்டாம். படுக்கையறையிலும், வெளியேறும் ஒரே வாசலிலும் கூடாது. சீமெந்துத் தரையுள்ள திறந்த விறாந்தையில், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றுங்கள். மின்சாரம் போனால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, மின்சாரம் வந்து சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். பல வாரங்கள் ஓடாமல் வைப்பதென்றால் 50 வீதம் அளவில் வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள். புகை வந்தால், மின்னிணைப்பைத் துண்டிக்க முடிந்தால் துண்டித்து, எல்லோரையும் வெளியேற்றி, தீயணைப்புப் படையை அழையுங்கள். அந்தப் புகை நச்சு, அணைக்க முயன்று அதற்குள் போகாதீர்கள்.

பத்தாம் படி: உப்பும் முள்ளும்

கடலோரத்தில் ஓடிய ஒவ்வொரு முறையும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய வெள்ளத்துக்குள் இறங்க வேண்டாம். களப்போரத்து வெள்ளத்தில் உப்பு இருக்கும். பற்றரிப் பெட்டிக்குள் போன உப்புநீர் சில வாரங்கள் கழித்தும் வேலையைக் காட்டும். அப்படி நனைந்த சில்லைச் சார்ஜில் மாட்டாமல், வீட்டுக்கு வெளியே வைத்து, திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஒட்டுக்கடைக்காரர் எத்தனை திறமையானவராயினும் இந்த ரயரை உடனே கழற்ற முடியாது. மோட்டாரின் கம்பிகள் அச்சின் ஊடாக மேலே போவதால், பக்கவாட்டு மூடிகள், மிதித்தாங்கிகள் எல்லாம் கழற்றிய பின்னரே சில்லு வெளியே வரும். முதல்முறை எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. ஆகவே ரயருக்குள் ஒட்டுத்திரவத்தை முன்கூட்டியே இட்டு வையுங்கள். நெருஞ்சியும் வேல முள்ளும் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். கழற்றும்போது ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுங்கள். ஐந்நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை மிதித்தாங்கி, அச்சு, அதிர்வுதாங்கி ஆகியவற்றின் திருகாணிகளைச் சோதியுங்கள். ஒவ்வொன்றிலும் நிறப்பூச்சால் ஒரு கோடு கீறி வைத்தால், தளர்ந்தது கண்ணுக்கே தெரியும்.

பதினோராம் படி: நெடும்பயணக் கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 33 கிலோமீற்றர். 2220 வாற்-மணிச் சில்லில் 40 அளவான வேகத்தில் கிலோமீற்றருக்கு 28 வாற்-மணி செலவாகிறது என்று உங்கள் செயலியின் பதிவு காட்டினால், போக மட்டும் 924. அதாவது 42 வீதம். போய்வர 84 வீதம். சார்ஜ் 30 வீதத்துக்குக் கீழே இறங்கவிடுவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு இப்பயணம் ஒரே சார்ஜில் முடியாது. 126 வோல்ற், 5 அம்பியர் சார்ஜரை முதுகுப்பையில் கொண்டுபோனால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 550 வாற்-மணி, அதாவது 25 வீதம் ஏறும். பருத்தித்துறையில் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் மாட்டிவிட்டு, வடையும் தேநீருமாக ஒரு மணி நேரத்தைக் கழித்தால், 58ஆக இருந்தது 83 ஆகும். வீடு வரும்போது 41 இருக்கும்.

இது காற்றில்லாத நாளின் கணக்கு. பருத்தித்துறை நமக்கு வடகிழக்கில் இருப்பதால், சோழகக் காலத்தில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். 42க்குப் பதிலாக 35 வீதமே செலவாகி, பற்றரி தேவைக்கு மேல் இருப்பது போலத் தோன்றும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் நிற்கும். வாடை வீசும் மார்கழி, தையில் இது தலைகீழ். ஆகவே சோழகத்தில் பருத்தித்துறை போனால், போகும் செலவைப் பார்த்துத் திரும்பும் செலவை மதிப்பிடாமல், ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக ஒன்றரை மணி நேரம் சார்ஜில் விடுங்கள். இன்னொரு வடைக்கும் நேரம் இருக்கும்.